பாட்டி வீடு, சத்துவாச்சாரி

பெரியப்பா: (பலமுறை பகிரப்பட்டது) கடற்கரையில் வீசும் அந்த வாசனைதான் ஓசோன்! ஆஸ்துமா உள்ளவர்கள் தினமும் ஒரு மணி நேரம் இழுத்து சுவாசித்தால் நுரையீரல் சுத்தமாகும்!!

பெரியப்பா: ஞாயித்துக்கிழமை புதுச்சேரி போறோமே, அம்மாவை இன்னும் ரெண்டு நாள் அங்கயே வச்சிக்கினு வரலாமா?

அத்தை: நானும் அதான் நெனச்சேண்ணா. இந்த மே மாச வெயில்ல மதியானம் ஆனா அம்மாவுக்கு மூச்சு இழுக்குது.

நான்: பாட்டியைக் கூட்டிக்கினு போங்க பெரியப்பா. ஆனா அந்தச் செய்தி தப்பு. அது ஓசோன் வாசனை இல்ல. கடல்ல இருக்குற நுண்பாசியால உண்டாகுற டைமெத்தில் சல்ஃபைடு, கந்தக வாயு. ஓசோனை மூச்சுல இழுத்தா பாட்டிக்கு வீசிங் கூடத்தான் செய்யும்.

பெரியப்பா: ஓசோன் நம்மளக் காப்பாத்துதுன்னு முப்பது வருஷம் வகுப்புல சொல்லிக் குடுத்தேனே கண்ணு?

நான்: அதுவும் சரிதான். அது 15 கிலோமீட்டருக்கு மேல இருக்குற ஓசோன். நம்ம மூக்குக்கு எதிர்ல இருக்குறது வண்டிப் புகை மேல வெயில் பட்டு உண்டாகுறது. நம்ம ஊரு வெயிலும் பெங்களூரு ரோட்டு லாரியும் அதுக்குப் போதும்.

நான்: நடுக்கடல்ல அது கம்மி.

தம்பி: வண்டி இல்லாததாலயாக்கா?

நான்: அதுவும்தான்டா. ஆனா கடலே ஓசோனை அழிக்குது. அயோடினும் புரோமினும் செய்ற வேலை.

அத்தை: உப்பு டப்பாவை மூடி வை, அயோடின் பறந்துடும்பாங்களே, அந்த அயோடினா?

நான்: அதேதான் அத்தை. ஒரு லிட்டர் கடல் தண்ணியில உப்பு 35 கிராம். புரோமின் 65 மில்லிகிராம் பக்கம். அயோடின் 0.06 மில்லிகிராம்தான்! அந்தத் துளியூண்டுதான் பெரிய வேலை பண்ணுது. காத்துல இருக்குற ஓசோன் தண்ணி மேல பட்டதும், கரைஞ்சிருக்குற அயோடைடு அதோட சேந்து மாறி, அயோடினா மேல கிளம்புது. வெயில் பட்டா தனித்தனி அணுவா உடையுது. ஒரு அணு ஓசோன்கிட்ட ஒரு ஆக்சிஜனைப் பிடுங்கிக்கும், கொஞ்சம் கழிச்சு அதை விட்டுட்டு அடுத்த ஓசோனுக்குப் போகும். சீக்கிரத்துல தீந்து போகாது.

நான்: அட்லாண்டிக்ல கேப் வெர்டே தீவுல அளந்து 2008-ல சொன்னாங்க. இந்த அயோடினையும் புரோமினையும் சேக்காம போட்ட கணக்கைவிட, நிஜத்துல ஓசோன் அழிவு 50% பக்கம் அதிகம்.

தம்பி: அப்ப நாம விடுற புகையால ஓசோன் கூடினா, கடலும் அயோடின் கூட விடுமா?

நான்: கரெக்ட்டா புடிச்சிட்ட! ஆல்ப்ஸ் மலைப் பனிக்கட்டியில பாத்தா 1950-க்கு அப்புறம் அயோடின் மூணு மடங்கு ஆயிருக்கு. யாரோ எங்கயோ வண்டி ஓட்டுனதுக்கு கடல் பதில் சொல்லிக்கினு இருக்கு. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் மனசு ஒரு மாதிரி ஆயிடும்.

அத்தை: கடல் நமக்கு நல்லதுதானே செய்யுது, ஏன்டி வருத்தப்படுற?

நான்: எல்லாமே நல்லதுன்னு சொல்ல முடியாது அத்தை. மீத்தேனை அழிக்கிற ஹைட்ராக்சில் ஓசோன்லேர்ந்துதான் வருது. அது குறைஞ்சா மீத்தேன் காத்துல கூட நாள் தங்கி சூட்டைப் பிடிச்சு வைக்கும். அப்புறம் கரையோர நகரங்கள்ல ராத்திரி வண்டிப் புகை உப்புத்துகள் மேல படிஞ்சு ஒரு குளோரின் வாயு உண்டாகும். விடிஞ்சு வெயில் வந்ததும் குளோரின் அணு பிரியும். நடுக்கடல்ல மாதிரி இல்லாம, வண்டிப் புகை இருக்குற அங்க அது ஓசோனைக் கூட்டிடும்.

பெரியப்பா: இது எனக்குப் புதுசு.

நான்: அதனால வண்டி நெரிசல் இருக்குற இடத்துல ரூம் போடாதீங்க. டாக்டர் சொன்ன இன்ஹேலரை கடல் காத்தை நம்பி நிறுத்த வேணாம். இது முக்கியம்.

அத்தை: ரெண்டு இன்ஹேலரும் பையில வச்சாச்சு. அம்மா பக்கத்துலதான் இருக்காங்க, படிச்சுக் காட்டினேன். வாசனை எதுவா இருந்தா என்ன, காலை நனைச்சிட்டு வரணும்ன்றாங்க.

பெரியப்பா: வாக்கிங் குரூப்லயும் அதை அனுப்பியிருந்தேன். அழிச்சிட்டேன். 11 பேர் ஏற்கெனவே பாத்துட்டாங்க. அதுல ஒருத்தர் வீட்டுல ஆஸ்துமா இருக்கு. காலையில கோட்டை மைதானத்துல பாத்து நேர்லயே சொல்லிடுறேன்.