கோலத்துல சிவப்புச் சொட்டு: கூலர் லைன் ஒழுகினவங்க உங்க கதையைச் சொல்லுங்க

சத்துவாச்சாரிக்காரன்
20 வருஷப் பழைய ஆட்டோமேட்டிக் கார். வெள்ளிக்கிழமை அம்மா போட்ட பெரிய கோலத்து மேலேயே ராத்திரி வண்டியை நிறுத்திட்டேன். காலையில பின்னால எடுத்தா, கோலத்துல ரத்தம் மாதிரி ஏழெட்டுச் சொட்டு. மாவுல ஊறி ஓரமெல்லாம் ரோஸ் ஆயிடுச்சு. அம்மா "எவனோ செய்வினை வெச்சுட்டான்டா"ன்னு ஒரே பிடி. எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டப்புறம்தான் பானெட்டைத் திறக்க விட்டாங்க.

கியர்பாக்ஸோட சிவப்பு ஆயிலை ஆற வைக்க ரேடியேட்டருக்குக் கொண்டுபோற குழாய்தான் கூலர் லைன். அது ரேடியேட்டர்ல ஏறுற இடத்து நட்டு ஈரமா இருந்துச்சு. சாதா டபுள் எண்ட் ஸ்பேனர் போட்டு இறுக்கினேன். நட்டு சுத்துச்சு, கூடவே பின்னாடி ரேடியேட்டர்ல திருகியிருக்கிற இணைப்புத் துண்டு, அந்த அடாப்டரும் சுத்துச்சு. உள்ளே "டக்"னு ஒரு சத்தம். ஸ்பேனரை அப்படியே வெச்சுட்டேன். மூணு நாளா அந்தச் சத்தம்தான் காதுல கேக்குது. உள்ளே உடைஞ்சிருக்குமா?

காட்பாடி மாப்ள
நீங்களாவது வாசல்ல பார்த்தீங்க. நான் ஏலகிரி ஏறும்போது பார்த்தேன். 14 வளைவுல ஒன்பதாவதோ பத்தாவதோ. மிதிக்கிறேன், எஞ்சின் கத்துது, வண்டி நகரல. பின்னாடி பஸ்காரர் ஹாரன். கீழே புகை, தீய்ஞ்ச நாத்தம். ஆயில் சைலன்சர் பைப்புல சொட்டிக்கிட்டு இருக்கு. பின்சீட்ல மாமியார் "முருகா முருகா"ன்னாங்க, அப்புறம் பேச்சே இல்ல.

லைன்ல துரு பிடிச்ச இடத்தை வெட்டிட்டு பெட்ரோல் ஹோஸ் மாட்டி கிளாம்ப் போட்டிருந்தேன். அந்தச் சூட்டுக்கு அது ஊறி, உப்பி, வழுக்கிக்கிட்டு வந்துடுச்சு. யாரும் கயிறு கட்டி இழுக்காதீங்க, ஆட்டோமேட்டிக்கை லாரி மேல ஏத்தித்தான் கொண்டுபோகணும்.

ஆற்காடு அண்ணன்
எனக்கும் ஒருதரம் ஒழுகுச்சு, சரி பண்ணிட்டேன். அதை விடுங்க. தம்பி, ஈரமா இருக்கிற நட்டுதான் ஒழுகுதுன்னு யார் சொன்னது? ஓடும்போது காத்துல ஆயில் லைனோடயே பின்னால போகும். சொட்டுற இடம் வேற, கசியுற இடம் வேற. முதல்ல நல்லாத் துடைச்சு, பவுடர் தூவி, எஞ்சினை ஓட விட்டுப் பாருங்க. பவுடர் எங்க முதல்ல சிவக்குதோ அதுதான் இடம்.

அடுத்தது, அந்த நட்டுக்கு சாதா ஸ்பேனர் ஆகாது. முனை மழுங்கிடும். பிளேர் நட் ஸ்பேனர்னு வாய் திறந்த ரிங் ஸ்பேனர் கிடைக்கும், அதைப் போடுங்க. இன்னொரு ஸ்பேனர்ல அடாப்டரைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நட்டைத் திருப்பணும், ஒத்தைக் கையில செய்யுற வேலையே இல்ல. போல்ட் துளை வழியா ஆயில் போற மாடலா இருந்தா செப்பு வாஷர் ரெண்டையும் புதுசு போடுங்க. மரையில டெஃப்லான் டேப் சுத்தவே சுத்தாதீங்க. பிளேர்னா குழாய் முனையை விரிச்சு மாட்டுற இணைப்பு, அதுல அடைக்கிறது மரை இல்ல, கூம்பு முகம். டேப் துணுக்கு கியர்பாக்ஸ் உள்ளே போனா ஆயிலை எங்கெங்க அனுப்பணும்னு பிரிச்சு விடுற வால்வ் பாடி கெட்டுடும். வேலை முடிஞ்சதும் ஆயில் அளவு, எல்லாரும் தப்பு பண்ணுற இடம். நிறைய மாடல்ல சூடா, எஞ்சின் ஓடும்போதே பார்க்கணும், சிலதுல அணைச்ச உடனே. புக்கைப் பாருங்க.

குடியாத்தம் பழைய வண்டி
அண்ணே, டேப் சங்கதியில முழுசா ஒத்துக்க மாட்டேன். சில பழைய ரேடியேட்டர்ல அடாப்டர்ல இருக்கிறது போகப் போகக் குறுகுற கூம்பு மரை, அங்க மரையேதான் அடைக்குது. அங்க ஆயில் தாங்குற சீலன்ட் கொஞ்சம் போடத்தான் வேணும். எல்லா வண்டிக்கும் ஒரே சட்டம் கிடையாது.

சத்துவாச்சாரித் தம்பி, "டக்" சத்தம்னு படிச்சதும் எனக்கு வயிறு கலங்குச்சு. எனக்கு ரேடியேட்டர் உள்ளே இருக்கிற கூலர் விரிசல். வெளியே ஒரு சொட்டு கூட இல்ல. ரேடியேட்டர் மூடியைத் திறந்தா ஆயிலும் தண்ணியும் கலந்து ரோஸ்மில்க் மாதிரி. கியர்பாக்ஸ் உள்ளயும் தண்ணி போயிடுச்சு, மொத்தமா பிரிச்சாச்சு. முதல்ல மூடியைத் திறந்து பாருங்க. எஞ்சின் ஆறினப்புறம்!

சத்துவாச்சாரிக்காரன்
பார்த்துட்டேன். தண்ணி பச்சையாவே இருக்கு. நேத்து ரெண்டு ஸ்பேனர் போட்டு அடாப்டரையும் கழட்டினேன். உள்ளே கசியாம அடைக்கிற ரப்பர் வளையம், ஓ-ரிங், கல்லு மாதிரி, நகத்தால அழுத்தினா ரெண்டாப் போச்சு. புதுசு 40 ரூபாய். ராத்திரி நிறுத்தி வெச்சுப் பார்த்தேன், சொட்டல.

பவுடர் விஷயத்தை அம்மாகிட்ட சொன்னேன். "கோலமாவுல நான் பார்த்துச் சொன்னப்போ சிரிச்சே"ன்னு ஒரு பாட்டு. இப்பவும் தினம் காலையில எனக்கு முன்னாடி அவங்கதான் குனிஞ்சு வண்டிக்கு அடியில பார்க்கிறாங்க.