ஸ்டைல் கைடில் எது கட்டாயம், எது பரிந்துரை என்று எப்படிப் புரியவைப்பது?

கேள்வி (மாரத்தஹள்ளி, பெங்களூரு):
வணக்கம். எங்கள் டீமில் பதினோரு பேர். கோடிங் ஸ்டைல் கைடு (கோடை எப்படி எழுதுவது என்ற விதித் தொகுப்பு) இங்கிலீஷில் இருக்கிறது. எல்லா விதியிலும் ஒரே 'ஷுட்' (should) தான். ஃபங்ஷன் 40 வரிக்குள் இருப்பதற்கும் 'ஷுட்', டோக்கனை (ரகசிய அனுமதிச் சாவியை) லாகில் (புரோகிராம் எழுதும் பதிவில்) எழுதாமலிருப்பதற்கும் 'ஷுட் நாட்'. புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவரின் புல் ரிக்வெஸ்ட் (கோடைப் பொதுக் கோடில் சேர்க்க, அதாவது மெர்ஜ் செய்ய, கேட்கும் கோரிக்கை) 43 வரிக்காக மூன்று நாளாக நிற்கிறது. இதே வாரம் டோக்கனை லாகில் எழுதிய கோடு, 'ஷுட் நாட் தானே' என்று மெர்ஜ் ஆகிவிட்டது. மனசு கேட்கவில்லை. எப்படித் திருத்தி எழுதுவது?

பதில்:
இணையத் தரநிலை ஆவணங்களில் இந்தச் சொற்களுக்கு அர்த்தம் வகுத்து 1997-இல் வந்த ஆர்எஃப்சி 2119-ஐப் பாருங்கள். அதில் 'மஸ்ட்' (must) என்றால் விலக்கே கிடையாது. 'ஷுட்' என்றால் தக்க காரணம் இருந்து, விளைவையும் யோசித்திருந்தால் விலகலாம். 'மே' (may) என்றால் அவரவர் விருப்பம். ஆங்கிலப் பெரிய எழுத்தில் (MUST, SHOULD என்று) எழுதினால் மட்டுமே இந்த அர்த்தம் என்று 2017-இல் ஆர்எஃப்சி 8174 தெளிவாக்கியது. இதன்படி எழுதியிருக்கிறோம் என்று கைடின் தலையிலேயே சொல்லிவிடுங்கள்.

கேட்டவர்:
நன்றிங்க. ஆனால் எங்களில் பாதிப் பேர் தமிழ், மீதிப் பேர் கன்னடம். 'ஷுட்' என்று படித்ததும் மனசுக்குள் 'செய்ய வேண்டும்', 'மாடபேக்கு' என்று ஆகிவிடுகிறது. அந்த 'வேண்டும்' சிலருக்குக் கட்டளை, சிலருக்கு அறிவுரை.

இன்னொரு பதில்:
சிக்கலே அங்கேதான் இருக்கிறது. அப்படியானால் வினைச்சொல்லை நம்பாதீர்கள். மீறினால் என்ன ஆகும் என்பதை விதிக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். சி மொழியில் பாதுகாப்பாகக் கோடு எழுதுவதற்கான விதித் தொகுப்பான மிஸ்ரா சி 2012-இல் மூன்று படி உண்டு. மேண்டேட்டரியை மீறவே முடியாது. ரிக்வயர்டை மீறினால் காரணத்தை முறையாகப் பதிவு செய்ய வேண்டும். அட்வைசரிக்கு அந்தக் கெடுபிடி இல்லை. உங்களுக்கு 'மெர்ஜ் ஆகாது', 'காரணம் எழுதினால் மெர்ஜ் ஆகும்', 'ரிவ்யூவில் சொல்லலாம், நிறுத்தக் கூடாது' என்று மூன்று போதும்.

அப்புறம் கோடு விதிப்படி இருக்கிறதா என்று சோதிக்கும் டூலான ஈஎஸ்லிண்ட்டையும் அதற்கேற்ப மாற்றுங்கள். முதல் படிக்கு 'எரர்'. 'வார்ன்' மட்டும் வைத்தால் பில்ட் நிற்காது, நாளடைவில் யாரும் அதைக் கண்டுகொள்ளவும் மாட்டார்கள். கைடு ஒன்று சொல்லி டூல் வேறு சொன்னால், எல்லோரும் டூலைத்தான் கேட்பார்கள்.

கேட்டவர்:
இன்று உட்கார்ந்து பிரித்தோம். 62 விதிகளில் 9 மட்டுமே முதல் படிக்குத் தேறின. டோக்கன் விதி அதில் முதலாவது. 40 வரி மூன்றாம் படிக்குப் போனது, தம்பியின் கோடும் மெர்ஜ் ஆனது. கமெண்ட் எழுதும் விதியில் மட்டும் இன்னும் இழுபறி. முடிவாகும்வரை அதையும் மூன்றாம் படியிலேயே வைத்திருக்கிறோம்.