பேண்ட் டீமில் சேர சீனியர்கள் வைக்கும் ‘டாஸ்க்’: எதுவரை விளையாட்டு?

சத்துவாச்சாரி_அம்மா கேட்டது:
வேலூர், காட்பாடி பக்கம் பள்ளி திறந்ததும் பேண்ட் டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள். வாத்தியார் எடுத்த பிறகும் பிளஸ் டூ பையன்கள் தனியாக ‘டாஸ்க்’ வைக்கிறார்கள். இருநூறு தோப்புக்கரணம், நிறுத்தாமல் மூன்று பாட்டில் தண்ணீர், பாலாற்று மணலில் சட்டையில்லாமல் ஓடி அதை வீடியோ எடுப்பது, இப்படி. ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகளோ ‘நாங்களேதான் ஒத்துக்கிட்டோம், ஸ்கூலுக்கு வந்துடாதீங்க’ என்கிறார்கள். இது ராகிங்கில் வருமா? டீமை விட்டு எடுக்காமல் நிறுத்த முடியுமா?

கோர்ட்டு_ரோடு:
வரும். தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் 1997-இல் வந்தது. ஒரு மாணவனுக்கு உடம்பிலோ மனதிலோ பாதிப்பு, பயம், வெட்கம், சங்கடம் உண்டாக்குவதும், இயல்பாக அவன் செய்ய விரும்பாத ஒன்றைச் செய்யச் சொல்வதும் அதில் ராகிங். பள்ளி காம்பவுண்டுக்கு வெளியே நடந்தாலும் பொருந்தும், ஆகவே பாலாற்று மணல் என்று தப்பிக்க முடியாது. இரண்டு வருடம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். 18 வயதுக்குக் கீழே இருப்பவன் செய்திருந்தால் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும்.

‘ஒத்துக்கிட்டேன்’ என்பதைப் பெரிதாக எடுக்காதீர்கள். மறுத்தால் டிரம் கிடைக்காது என்று தெரிந்தவன் சொல்லும் சரிக்கு என்ன மதிப்பு?

புகார் வந்தால் உடனே விசாரிக்க வேண்டியது தலைமை ஆசிரியர் பொறுப்பு. வாய்வார்த்தையாகச் சொன்னால் காற்றோடு போய்விடும். இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். தேதி, இடம், சொன்ன வார்த்தை, கூட இருந்தவர்கள் இவ்வளவு போதும். ‘மனவேதனை’ என்று அரைப்பக்கம் வேண்டாம்.

வாட்ஸ்அப் குரூப்பை விட்டு வெளியேறும் முன் சாட்டை எக்ஸ்போர்ட் செய்யுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் ‘அண்ணன்’ என்று சேவ் செய்த பெயர் மட்டும் தெரிந்தால் பயனில்லை, நம்பர் தெரிய வேண்டும். ஒரு எச்சரிக்கை: உடையில்லாத வீடியோ இருந்தால் ஆதாரம் என்று நினைத்துக்கூட யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள். சிறுவர் சம்பந்தப்பட்டது என்பதால் அனுப்புவதே குற்றம். போனோடு போலீசில் காட்டுங்கள். அங்கே போக்சோ (சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வந்துவிடும், தெரிந்தும் மறைத்த பள்ளியும் மாட்டும்.

டூட்டி_நர்ஸ்:
சட்டம் இருக்கட்டும், முதலில் உடம்பைப் பாருங்கள். பழக்கமில்லாத பையன் வேலூர் வெயிலில் இருநூறு தோப்புக்கரணம் போட்டால் தொடைத் தசை சிதையலாம். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஒன்று முதல் மூன்று நாளுக்குள் தொடை வீங்கி, உட்கார்ந்து எழ முடியாத வலி வரும். சாதாரண வலிதானே என்று விடுவது இங்கேதான். சிறுநீர் டிகாக்ஷன் நிறத்தில் போனால் வேறு எதையும் யோசிக்காமல் எமர்ஜென்சி: அடுக்கம்பாறை ஜி.ஹெச்.சோ, சி.எம்.சி.யோ, எது பக்கமோ அது. ரத்தத்தில் சி.கே. அளவு, அதாவது தசை சிதைந்தால் கசியும் நொதியின் அளவு, பார்ப்பார்கள். அதற்கு முன்னால் மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வாங்கிக் கொடுக்காதீர்கள். சிதைந்த தசையின் கழிவால் ஏற்கெனவே திணறும் சிறுநீரகத்துக்கு அது இன்னொரு அடி.

தண்ணீர் டாஸ்க்கை எல்லாரும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். சிறுநீரகம் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் அளவுக்குத்தான் வெளியேற்றும். மூன்று, நான்கு லிட்டரை மடமடவென்று இறக்கினால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் மூளை வீங்கும். தலைவலி, வாந்தி, உளறல், பிறகு வலிப்பு. ‘மயக்கமா வருது’ என்றால் இன்னும் தண்ணீர் ஊற்றக் கூடாது.

டிரம்_மேஜர்:
புகாருக்கு முன் ஒரு கேள்வி: வாத்திய அறைச் சாவி யார் கையில்? பெரும்பாலும் சீனியர் கையில்தான் இருக்கும். பிராக்டிஸ் முடிந்து சார் கிளம்பிய பிறகு அந்த அரை மணி நேரத்தில்தான் எல்லாம் நடக்கிறது. சாவி பி.டி. சாரிடம், டிரம் எடுக்க, வைக்க ஒரு ரிஜிஸ்டர், பூட்டும்போது அவர் அங்கே இருக்க வேண்டும். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

அடுத்தது, தேர்வுக்கும் யூனிஃபார்ம் கொடுப்பதற்கும் இடையில் உள்ள இடைவெளி. ‘செலக்ட் ஆயிட்டே, ஆனா இன்னும் டீம் இல்லே’ என்று மூன்று வாரம் தொங்கவிட்டால் அந்த இடத்தில் சீனியர் உட்கார்ந்துவிடுவான். தேர்வான அன்றே சாரின் கையெழுத்தோடு பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டி, அன்றே யூனிஃபார்மும் டிரம் குச்சியும் கொடுத்துவிட்டால் அவனிடம் பேரம் பேச என்ன இருக்கிறது?

சீனியர்களைச் சும்மா உட்கார வைப்பதும் ஆபத்து. ஒவ்வொருவனுக்கும் ஒரு புதுப் பையனை ஒப்படைத்து, மார்ச் காலடியும் முதல் டிரம் ரோலும் சொல்லித்தரச் சொல்லுங்கள். ஆகஸ்ட் 15 அன்று அவன் தப்பாக அடித்தால் கேள்வி சீனியருக்கு. பியூகிள் துடைப்பது, பேஸ் டிரம் தூக்குவது முறை வைத்து எல்லாருக்கும். ஜூனியருக்கு மட்டும் என்றால் அதுவும் ராகிங்தான்.

சத்துவாச்சாரி_அம்மா:
ரொம்ப நன்றி. ஆனால் மறுத்த பையனுக்கு ‘போட்டுக்கொடுத்தவன்’ என்று பேர் வந்துவிடுகிறதே, அதற்கு?

பாலாறு_காட்பாடி:
தனியாக மறுக்க விடாதீர்கள், மேடம். சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950-களில் கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்லிச் செய்த சோதனையில், கூட இருந்தவர்கள் எல்லாரும் தப்பான பதிலைச் சொன்னபோது, சோதனைக்கு வந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கு தடவை கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு அவர்களோடு போனார்கள். சரியாகச் சொல்ல ஒரே ஒரு துணை இருந்தபோது அந்த அளவு அதில் கால்வாசியாகக் குறைந்தது. ஆகவே உடன் சேர்ந்த இன்னொரு பையனின் வீட்டோடு இன்றைக்கே பேசுங்கள். புகாரிலும் இரண்டு வீட்டுக் கையெழுத்து போடுங்கள். யார் சொன்னது என்று ஒருவனை மட்டும் கைகாட்ட முடியாது.

போன வருடம் அடி வாங்கியவனே இந்த வருடம் அடிப்பது ஏன் என்பதற்கும் 1959-இல் ஆரன்சன், மில்ஸ் என்ற உளவியலாளர்கள் செய்த சோதனை விடை தருகிறது. கஷ்டப்பட்டு நுழைந்தவர்களுக்கு அந்தக் குழு, இருப்பதைவிட உசத்தியாகத் தெரிந்தது. அதனால் சீனியரிடம் ‘உனக்கு நடந்தபோது எப்படி இருந்தது’ என்று கேட்டால் ‘ஜாலியாதான் இருந்துச்சு’ என்பான். அந்தப் பேச்சில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

பையனுக்குச் சொல்லித்தர நீளமான வசனம் வேண்டாம். ‘அண்ணா, டிரம் எவ்வளவு நேரம்னாலும் பிராக்டிஸ் பண்றேன், இது மட்டும் வேணாம்’ போதும். வீட்டில் இரண்டு தடவை சத்தமாகச் சொல்ல வையுங்கள், அங்கே நாக்கு ஒட்டிக்கொள்ளாது. பள்ளி அசையவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098, அல்லது கல்வித் துறையின் 14417.