'வெட் ஒர்க்‌ஷாப்'புக்கு ஒரு தமிழ்ச்சொல்: 'ஈரப் பணிமனை' வேண்டாமே

பொள்ளாச்சியிலிருந்து

வணக்கமுங்க.

இருக்கிற விண்கலங்களையே மாற்றிக் கட்டி மனிதரை வேறு கோளுக்கு அனுப்புவது பற்றிய சொற்பட்டியலில் ஒரே ஒரு சொல் இழுத்துக்கொண்டே போகிறது: 'வெட் ஒர்க்‌ஷாப்'. யாரோ 'ஈரப் பணிமனை' என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

பொருளைச் சொல்லிவிடுகிறேன். ராக்கெட்டின் மேலடுக்கு எரிபொருள் நிரம்பித்தான் கிளம்பும். எரித்து முடிந்ததும் மிச்சத்தை வெளியே விட்டுவிட்டு, அந்தக் காலித் தொட்டிக்குள்ளேயே ஆட்கள் குடியேறுவார்கள். 1967-ல் நாசாவுக்காகப் போட்ட வெள்ளிக்கோள் திட்டம் இதை நம்பித்தான் இருந்தது. மூன்று பேர், 1973 அக்டோபர் 31 புறப்பாடு, 1974 மார்ச் 3 வெள்ளியை உரசிக் கடப்பது, டிசம்பர் 1 பூமி திரும்புவது. சாட்டர்ன்-5 ராக்கெட்டின் மூன்றாம் அடுக்கான எஸ்-4பிதான் வீடு. 6.6 மீட்டர் விட்டம். ஹைட்ரஜன் தொட்டி மட்டும் ஏறக்குறைய 280 கன மீட்டர். திட்டம் காகிதத்தோடு நின்றது.

தரையிலேயே உள்ளே எல்லாம் கட்டி, எரிபொருளே ஊற்றாமல் ஏற்றினால் அது 'ட்ரை'. 1973 மே 14-ல் ஏறிய நாசாவின் விண்வெளி நிலையமான ஸ்கைலேப் அந்த வகை. இரண்டுக்கும் ஒன்றுக்கொன்று இணையான சொற்கள் வேண்டும்.

ஈரோட்டிலிருந்து

அண்ணா, பணிமனை என்றால் நம்ம பக்கம் பஸ் டெப்போ. ஈரப் பணிமனை என்றால் மழைக்கு ஒழுகுகிற டெப்போ. தவிர, ஈரம் என்றாலே தண்ணீர் அல்லது மனசு. மைனஸ் 253 டிகிரி திரவ ஹைட்ரஜனை யார் ஈரம் என்பார்கள்? ஆங்கிலத்தில் எரிபொருள் ஊற்றிய தொட்டியை 'வெட்' என்பது அவர்கள் தொழில் பேச்சு. அதை நாம் சுமக்க வேண்டியதில்லை.

'தொட்டிமனை' என்று வைக்கலாமா?

காங்கயத்திலிருந்து

தொட்டிக்கட்டு வீடு தெரிந்தவர்களுக்கு உடனே நடுவில் வாசல் விட்ட பழைய வீடுதான் கண்ணில் வரும். மேலே திறந்த வீட்டில் வெள்ளிக்குப் போக முடியாதுங்க.

நாமக்கல்லிலிருந்து

தொட்டி என்பதோ மனை என்பதோ பிரச்சினை இல்லை, தம்பி. இரண்டுக்கும் நடுவில் நடக்கும் வேலையைச் சொல் காட்டவில்லை, அதுதான் குறை. கேஸ் டேங்கரை வெல்டிங்குக்கு விடும் முன் 'கேஸ் ஃப்ரீ' பண்ணாமல் யாரும் கிட்டப் போவதில்லை. காலி டேங்க்தான் ஆபத்து. உள்ளே ஆவி நிற்கும். இங்கேயும் அதே கதை, இன்னும் கடுமையாக.

எஞ்சின் நின்றதும் மிஞ்சிய ஹைட்ரஜனை வெற்றிடத்துக்கு விட வேண்டும். ஒரே பக்கம் விட்டால் அதுவே தள்ளுவிசையாகிக் கலத்தைத் திருப்பும். அதனால் எதிரெதிராக இரண்டு திறப்புகள். அடியில் உள்ள ஆக்சிஜன் தொட்டியையும், அழுத்தம் கொடுத்த ஹீலியம் உருண்டைகளையும் காலி செய்ய வேண்டும். மிச்ச எரிபொருளோடு சுற்றிக்கொண்டிருந்த டெல்டா ராக்கெட் அடுக்குகள் 1970-களில் சுற்றுப்பாதையிலேயே வெடித்துச் சிதறியிருக்கின்றன. அடுத்து, எஞ்சினுக்குப் போகும் குழாய் வாயை உள்ளிருந்து மூட வேண்டும். அது காற்றுக் கசியும் இடம். பிறகு சுவர் சூடேற வேண்டும். உறைந்த சுவர் இருக்கும்போது காற்றை நிரப்பினால் ஈரப்பதம் முழுக்க அதில் பனியாகப் படியும்.

எஸ்-4பியில் வெப்பத் தடுப்பு நுரை தொட்டிக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கும். ஆக்சிஜன் மிகுந்த காற்றில் அது தீப்பிடிக்கும் பொருள். ஸ்கைலேப்பில் அதன்மேல் அலுமினியத் தாள் ஒட்டினார்கள்.

முக்கியமானது: திரவ ஹைட்ரஜனில் முங்கிக் கிடக்கும் தொட்டிக்குள் ஒயர், விளக்கு, துணி, சாப்பாடு எதையும் முன்கூட்டி வைக்க முடியாது. உலோகச் சட்டம் மட்டும் வைக்கலாம். கழன்ற ஒரு போல்ட் பம்புக்குள் போனால் பயணமே முடிந்தது. மற்றதெல்லாம் பக்கத்துப் பகுதியில் ஏற்றி, பிறகு மனிதவாய் (ஆள் நுழையும் திறப்பு) வழியாக ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுபோக வேண்டும். அந்த வாயின் அகலம்தான் எந்தச் சாமான் போகும் என்பதைத் தீர்மானிக்கும்.

ஆகவே 'வடிதொட்டி'. வடித்தபின் குடியேறுவது. கஞ்சி போகும், சோறு நிற்கும்.

கோவையிலிருந்து

அண்ணன் சொன்ன வேலைப்பட்டியல் அப்படியே சரி. தளம் பற்றி ஒன்று சேர்க்கிறேன்: ஸ்கைலேப்பையும் முதலில் 'வெட்' ஆகத்தான் திட்டமிட்டார்கள். திரவம் தடையில்லாமல் இறங்க வேண்டும் என்று முக்கோணக் கம்பி வலையாகத் தளம் வடிவமைத்தார்கள். 1969 ஜூலையில் 'ட்ரை'க்கு மாறிய பிறகும் அந்த வலையை மாற்றவில்லை. ஸ்கைலேப்பில் காலணிக்கு அடியில் முக்கோணக் கட்டை வைத்து அந்த ஓட்டையிலேயே மாட்டிக்கொண்டு நின்றார்கள். ஆக்சிஜன் தொட்டி குப்பைத் தொட்டியானது.

மாறியதற்குக் காரணமும் வேலைதான். 1966-ல் ஜெமினி-9 விண்கலத்து வீரர் கலத்துக்கு வெளியே போய் வேர்த்து, முகக்கண்ணாடி மூடிக்கொண்டு திணறியதைப் பார்த்தபின், எடையில்லாத இடத்தில் பிட்டர் வேலை எவ்வளவு இழுக்கும் என்று தெரிந்துவிட்டது. முழு சாட்டர்ன்-5 ஒன்று கைக்கு வந்ததும், கீழ் அடுக்குகளே ஏற்றிவிடும் என்பதால், தரையிலேயே கட்டிவிட்டார்கள். ஆனால் வெள்ளிக்குப் போகும் கலத்துக்கு அந்த வழி இல்லை: தள்ளிவிடும் அடுக்கும் அதேதான், வீடும் அதேதான்.

ஆனால் 'வடி' ஒத்துவராதுங்க. வடிய எடை வேண்டும். அங்கே திரவம் வடியாது, கொதித்து ஆவியாகத்தான் போகும்.

நம்ம வீட்டில் 'பாத்திரத்தை ஒழிச்சுக் குடு' என்கிறோம். 'வீட்டை ஒழிச்சுக் குடு' என்றும் சொல்கிறோம். பாத்திரம், வீடு இரண்டுக்கும் பொருந்தும் வினை அது ஒன்றுதான். எப்படிக் காலியானது என்பதில் அது தலையிடாது. 'ஒழிதொட்டி உறைவிடம்' என்பேன்.

ஈரோட்டிலிருந்து

நல்லா இருக்குங்க. 'ஒழிகலம்' என்று சுருக்கினால்?

கோவையிலிருந்து

வேண்டாம் தம்பி. சத்தமாகப் படித்தால் கோஷம் மாதிரி கேட்கும்.

நாமக்கல்லிலிருந்து

வடியை விட்டுவிடுகிறேன். ஆனால் செயலுக்கு 'ஒழித்தல்' என்றே எழுதுங்க. 'ஒழிப்பு' என்றால் கொசு மருந்து அடிக்க வந்துவிடுவார்கள்.

பொள்ளாச்சியிலிருந்து

பட்டியலில் இப்படி ஏற்றுகிறேன்:

ஒழிதொட்டி உறைவிடம்: எரிபொருளோடு ஏறி, எரித்து, ஒழித்தபின் குடியேறும் தொட்டி.

வெறுந்தொட்டி உறைவிடம்: எரிபொருள் ஊற்றாமல், தரையிலேயே உள்கட்டு முடித்து ஏற்றும் தொட்டி.

தொட்டி ஒழித்தல்: மிச்ச எரிபொருளையும் அழுத்த வாயுவையும் வெளியேற்றி, குழாய் வாய்களை மூடுவது வரை. சுவர் சூடேற்றுவது இதில் சேராது. அதற்குத் தனி வரி போடுகிறேன்.