ஃபார்மேட்_மெசேஜ்: முந்தைய வரிசையின் பிழைச் செய்தியே அடுத்த வரிசைக்கும் வருகிறது, உதவி தேவை

கேள்வி

வணக்கம். எக்செல் கோப்பில் வரும் பொருள் விவரங்களை எஸ்.ஏ.பி. என்ற நிறுவன மேலாண்மை மென்பொருளில் ஏற்றும், அதன் அபாப் மொழியில் எழுதிய நிரல் ஒன்றைப் பராமரித்து வருகிறேன். ஒவ்வொரு வரிசையையும் முதலில் ஒரு பழைய இசட் ஃபங்ஷன் மாட்யூல் (நிறுவனத்திலேயே எழுதிய துணை நிரல்) சரிபார்க்கிறது. அது முடிந்ததும் எஸ்ஒய்-சப்ஆர்சி (அழைப்பின் முடிவைச் சொல்லும் கணினி மாறி) பூஜ்யமாக இல்லையென்றால், எஸ்ஒய்-எம்எஸ்ஜிஐடி (செய்தி வகுப்பு), எஸ்ஒய்-எம்எஸ்ஜிஎன்ஓ (செய்தி எண்) ஆகியவற்றையும், செய்தியில் நிரப்ப வேண்டிய எஸ்ஒய்-எம்எஸ்ஜிவி1 முதல் 4 வரையுள்ள மதிப்புகளையும் செய்தி வாசகத்தை உருவாக்கித் தரும் ஃபார்மேட்_மெசேஜ் என்ற ஃபங்ஷனுக்குக் கொடுத்து, அது தரும் வாசகத்தைப் பிழைப் பட்டியலில் எழுதுகிறேன். பெரும்பாலான வரிசைகளுக்குச் சரியாகவே வருகிறது. ஆனால் அளவு அலகு தவறாக உள்ள வரிசைகளுக்கும் சில நேரங்களில் பொருள் எண் இல்லை என்ற செய்தியே வருகிறது. அதில் காணப்படும் பொருள் எண்ணோ அதற்கு முன் பிழையான வரிசையினுடையது. கோப்பின் முதல் பிழையே அளவு அலகில் இருந்தால் வாசகம் வெறுமையாக இருக்கிறது. பட்டியலை நம்பிப் பயனர்கள் சரியான தரவைத் திருத்திவிடுகிறார்கள். எங்கே பார்க்க வேண்டும்?

மறுமொழி 1

ஃபார்மேட்_மெசேஜ் செய்தியைக் கண்டுபிடிக்காவிட்டால் நாட்_ஃபவுண்ட் என்ற விதிவிலக்கை (பிழை அறிவிப்பை) எழுப்பும். அப்போது வாசகத்தை வாங்கும் மாறியில் எதையும் எழுதாது, பழைய மதிப்பு அப்படியே இருக்கும். ஆகவே ஒவ்வொரு அழைப்புக்கும் முன் அந்த மாறியை கிளியர் செய்து வெறுமையாக்குங்கள், அழைத்த பின் சப்ஆர்சியைச் சரிபாருங்கள். செய்திகள் சேமிக்கப்படும் டி100 அட்டவணையில் மொழி, செய்தி வகுப்பு, செய்தி எண் மூன்றும் சேர்ந்தே திறவுகோல் என்பதால், பின்னணி வேலையை இயக்கும் பயனரின் மொழியில் அந்தச் செய்தி இருக்கிறதா என்பதையும் செய்திகளைப் பராமரிக்கும் எஸ்இ91 திரையில் பார்த்துவிடுங்கள்.

கேட்டவர்

நன்றி. இரண்டையும் செய்துவிட்டேன். முதல் வரிசையின் வெறுமைக்குக் காரணம் புரிந்தது: செய்தி வகுப்பே காலியாக இருப்பதால் நாட்_ஃபவுண்ட் வருகிறது. மொழியில் குறை இல்லை. ஆனால் இடையில் வரும் வரிசைகளில் பழைய செய்தி இன்னும் வருகிறது. நிரலை வரிவரியாக ஓட்டிப் பார்க்கும் டீபக்கரில் பார்த்தால், ஃபார்மேட்_மெசேஜை அழைப்பதற்கு முன்பே எஸ்ஒய்-எம்எஸ்ஜிஐடியில் பழைய மதிப்புதான் இருக்கிறது.

மறுமொழி 2

அப்படியானால் ஃபார்மேட்_மெசேஜின் மீது குற்றமில்லை; கொடுத்ததற்குரிய வாசகத்தைத்தான் அது தருகிறது. உங்கள் இசட் ஃபங்ஷனை, ஃபங்ஷன்களுக்கான எஸ்இ37 திரையில் திறந்து, அளவு அலகுப் பிழை எப்படி எழுப்பப்படுகிறது என்று பாருங்கள். விதிவிலக்கை மட்டும் எழுப்பும் வெறும் ரெய்ஸ் கட்டளையாக இருக்கும் என்பது என் ஊகம். மெசேஜ் கட்டளையுடன் ரெய்ஸிங் சேர்த்து எழுதினால் விதிவிலக்கோடு செய்தி வகுப்பு, வகை, எண், நான்கு மதிப்புகள் ஆகியவை கணினி மாறிகளில் நிரப்பப்படும். வெறும் ரெய்ஸ் என்றால், அழைத்த இடத்தில் நீங்கள் அந்த விதிவிலக்குக்குக் கொடுத்த எண் சப்ஆர்சியில் வரும், அவ்வளவுதான். எம்எஸ்ஜி மாறிகளைக் கடைசியாக யார் நிரப்பினார்களோ அவர்களுடைய செய்தியே அவற்றில் தங்கியிருக்கும். ஃபங்ஷன் அழைப்பைச் செருகித் தரும் எடிட்டரின் பேட்டர்ன் பொத்தானும் பழைய வெளியீடுகளில் இதில் நம்மை ஏமாற்றியது: விதிவிலக்குள்ள ஃபங்ஷனைச் செருகினால், அது செய்தி அனுப்புகிறதா இல்லையா என்று பாராமல், எம்எஸ்ஜி மாறிகளைப் பயன்படுத்தும் மெசேஜ் வரியைக் கீழே தானாகவே எழுதிவைத்தது.

கேட்டவர்

ஊகம் சரியே. பொருள் எண்ணுக்கு மெசேஜ் ரெய்ஸிங் இருக்கிறது. அளவு அலகுக்கு வெறும் ரெய்ஸ். அதையும் மெசேஜ் ரெய்ஸிங்காக மாற்றிவிடலாமா? இந்த ஃபங்ஷனை வேறு சில நிரல்களும் அழைக்கின்றன.

மறுமொழி 2

மாற்றலாம், ஆனால் முதலில் எஸ்இ37-இல் வேர்-யூஸ்ட் பட்டியலை (எந்தெந்த நிரல்கள் அழைக்கின்றன என்ற பட்டியல்) எடுத்து, அழைக்கும் ஒவ்வொரு நிரலும் எக்ஸப்ஷன்ஸ் பகுதியில் அந்த விதிவிலக்கையோ, மற்ற எல்லாவற்றுக்குமான அதர்ஸையோ குறிப்பிட்டிருக்கிறதா என்று பாருங்கள். குறிப்பிட்டிருந்தால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. குறிப்பிடாத நிரலில், வெறும் ரெய்ஸ் ஷார்ட் டம்ப்பில் (நிரல் பாதியில் முறிவதில்) முடியும். மெசேஜ் ரெய்ஸிங்கோ சாதாரணச் செய்தியைப் போலவே நடந்துகொள்ளும், அது ஈ வகைச் செய்தியாக (பிழைச் செய்தியாக) இருந்து நிரல் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தால் வேலை ரத்தாகும்.

இப்போதைக்கு ஃபங்ஷனைத் தொட வேண்டாம் என்றால் உங்கள் நிரலிலேயே சரிசெய்யலாம். ஃபங்ஷனை அழைத்த அடுத்த வரியிலேயே சப்ஆர்சியை ஒரு சொந்த மாறியில் சேமியுங்கள். இல்லையென்றால் பின்னால் வரும் ஃபார்மேட்_மெசேஜ் அழைப்பு அதை மாற்றிவிடும். எக்ஸப்ஷன்ஸ் பகுதியில் ஒவ்வொரு விதிவிலக்குக்கும் தனி எண் கொடுத்து, எண்ணுக்கேற்பக் கிளை பிரியும் கேஸ் அமைப்பில் அளவு அலகுக்குரிய எண் வரும்போது உங்கள் செய்தி வகுப்பிலிருந்து தகுந்த செய்தியை மெசேஜ் கட்டளையின் இன்டூ வடிவத்தால் மாறியில் வாங்குங்கள். வகுப்பையும் எண்ணையும் நேரடியாக எழுதினால், எஸ்இ91-இல் அந்தச் செய்தி எங்கெல்லாம் பயன்படுகிறது என்று தேடும்போது உங்கள் நிரலும் அகப்படும். ஃபார்மேட்_மெசேஜுக்கு மாறிகள் வழியாகக் கொடுத்தால் அகப்படாது. பழைய நிரல்களில் ஒன்றும் இரண்டும் சமமானால் என்ற, ஒருபோதும் நிறைவேறாத நிபந்தனைக்குள் மெசேஜ் வரி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த விந்தையும் இந்தத் தேடலுக்காகத்தான்.

அழைப்புக்கு முன் எம்எஸ்ஜி மாறிகளையே கிளியர் செய்யச் சிலர் சொல்வார்கள். கணினி மாறிகளில் நாமாக எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். அதனால் தவறான வாசகத்துக்குப் பதில் வெற்று வாசகம்தான் கிடைக்கும்.

கேட்டவர்

வேர்-யூஸ்ட் பட்டியலில் உள்ள நிரல்களுள் ஒன்று விதிவிலக்கைக் குறிப்பிடவே இல்லை, அதுவும் இரவில் பின்னணியில் ஓடுவது. ஆகவே ஃபங்ஷனை அப்படியே விட்டுவிட்டு, என் நிரலில் கேஸ் அமைப்பையும் இன்டூ வடிவத்தையும் சேர்த்தேன். அதே கோப்பை மீண்டும் ஏற்றியபோது அளவு அலகுப் பிழைகள் அந்தந்த வரிசையின் பொருள் எண்ணோடு சரியாக வந்தன. மிக்க நன்றி.