பெயரைக் கேட்டதும் நிரம்பிவிடும் வெற்றிடங்கள்

நீராவிப்பிட்டியிலிருந்து:

நாங்கள் முஸ்லிம்கள். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது எங்கள் குடும்பமும் முல்லைத்தீவிலிருந்து வெளியேற்றப்பட்டது. நான் பிறந்தது புத்தளத்தில். யுத்தம் முடிந்தபின் வாப்பா காட்டை வெட்டிக் காணியைத் துப்புரவாக்க, பிறகு நாங்களும் வந்தோம். நான் ஏஏடி என்ற கணக்கியல் படிப்பு முடித்தவள். கிளிநொச்சியில் ஒரு லீசிங் கம்பனியில் காசாளர் வேலை இருப்பதாகக் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்தார்கள், விண்ணப்பித்தேன்.

நேர்முகத்தில் முகாமையாளர் சேட்டிபிக்கட்டைப் பார்த்தார், வங்கிக் கணக்கிணக்கம் பற்றி ஒரு கேள்வி கேட்டார், சரியாகச் சொன்னேன். அப்புறம் கணக்கைப் பற்றிப் பேச்சே இல்லை.

"புத்தளம் ஆக்களோ?"

"முல்லைத்தீவு சேர். தொண்ணூறில போனது."

"எங்கட கஸ்டமர்மார் எல்லாம் தமிழ்ச் சனம். உங்களுக்குச் சரிவருமோ தெரியாது. முக்காட்டைக் கழட்டலாமோ? நான் கேட்கயில்லை பிள்ளை, ஹெட் ஒபிஸ் கேட்கும்."

கோல் எடுக்கிறோம் என்றார். நான் எடுத்துக் கேட்டபோது ஆள் எடுத்தாயிற்று என்றார்கள். அடுத்த மாதம் அந்த வழியால் பஸ்ஸில் போனேன், விளம்பரம் அப்படியே ஒட்டியிருந்தது. புத்தளத்தில் இருந்தவரை நாங்கள் அகதிகள். இங்கே புத்தளத்து ஆக்கள். சொந்த ஊரை எங்கே போய் நிரூபிப்பது?

வவுனியாவிலிருந்து, ஊர் பெயர் வேண்டாம்:

நான் தமிழ், சைவம். ஒரு ஹாட்வெயார் கடையில் கணக்கு எழுதுகிறேன், விண்ணப்பங்கள் என் மேசைக்குத்தான் வரும். முதலாளி முதலில் பெயரைத்தான் பார்ப்பார். முஸ்லிம் பெயர் என்றால் அடியில் வைப்பார், கிழித்துப் போடமாட்டார். அது அவருடைய மரியாதை. கேட்டால், "எனக்கு மதம் பிரச்சினையில்லை தம்பி, வெள்ளிக்கிழமையில தொழுகைக்குப் போயிடுவாங்கள்" என்பார். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கும் மடு மாதா ஆவணித் திருவிழாவுக்கும் பெடியள் லீவு கேட்டால் இதே மனிசன் பஸ் காசும் கொடுத்து அனுப்புவார். ஜும்ஆவுக்குப் போகிற நேரத்துக்கு மட்டும்தான் கணக்கு.

வேடிக்கை என்னவென்றால், முஸ்லிம் மேசன்மாருக்குக் கடன் கொப்பி எப்போதும் திறந்தே இருக்கும். சீமெந்து விற்கலாம், சம்பளம் கொடுக்கத்தான் யோசனை. 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு "சனம் பயப்படுது" என்று இன்னொரு காரணமும் கிடைத்தது. கடைக்கு வந்த சனம் அப்படி ஏதும் சொல்லி நான் கேட்கவில்லை.

மன்னார் முசலியிலிருந்து, அரச உத்தியோகத்தர்:

வேலை கிடைத்தாலும் முடிவதில்லை. 2019 மே மாதம், அரச அலுவலகங்களில் பெண்கள் சேலை அல்லது ஒசரிதான் (கண்டிச் சேலை) உடுக்கவேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. முகத்தை மூடத் தடை வந்தது வேறு விஷயம், அது ஏப்ரல் கடைசியில். நான் முகம் மூடுகிறவளே இல்லை. ஆனாலும் அபாயாவோடு கையெழுத்துப் போடப் போனால் மேலதிகாரி வரவுப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். எதிர்ப்பு வந்து சுற்றறிக்கையைத் திருத்தினார்கள், புத்தகமும் பழைய இடத்துக்கு வந்தது. ஏன் இழுத்தார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நீராவிப்பிட்டித் தங்கச்சிக்கு ஒன்று சொல்கிறேன். அரசியலமைப்பின் 12(2) ஆம் உறுப்புரை மதத்தால் பாரபட்சம் கூடாது என்கிறது. ஆனால் அடிப்படை உரிமை வழக்கு அரசின் நிறைவேற்று, நிர்வாகச் செயல்களுக்கு எதிராகத்தான், அதுவும் ஒரு மாதத்துக்குள். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு போட்டால், அவர்கள் விசாரிக்கும் காலம் கணக்கில் சேராது. வவுனியாவில் அவர்களுக்கு அலுவலகம் உண்டு. 12(3) கடைகளுக்குள் போக மதத்தைக் காட்டித் தடுக்கக்கூடாது என்கிறது. அதே கடையில் வேலை கேட்டுப் போனால் அந்த வரி உதவாது. வேலையில் பாரபட்சம் கூடாது என்ற சர்வதேச தொழில் அமைப்பின் (ஐஎல்ஓ) 111ஆம் சமவாயத்தை இலங்கை 1998இல் ஏற்றது. தனியார் முதலாளியிடம் அதைக் காட்டிப் பாருங்கள், தேத்தண்ணி தந்து அனுப்புவார்.

நீராவிப்பிட்டியிலிருந்து:

எனக்கு நடந்தது தனியார் கம்பனி அக்கா, அப்போ வழியில்லை. அரச முகாமைத்துவ உதவியாளர் பரீட்சைக்குப் படிக்கிறேன். கடந்தகால வினாத்தாள் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.