சிரியன் ஹாம்ஸ்டருக்கு எந்தத் தீனி வாங்குவது? பெல்லட்டா, விதைக் கலவையா?

மலர்க்கொடி_திருப்பூர் எழுதியது:

வணக்கம். மகளின் பிறந்தநாளுக்கு அவள் மாமா ஒரு ஹாம்ஸ்டர் வாங்கிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார், இப்போது அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. கடையில் 'டெட்டி பேர்' என்று சொன்னார்களாம். இங்கே பழைய பதிவுகளைப் படித்ததில் அது நீளமுடி சிரியன் என்று தெரிந்துகொண்டேன். கூண்டு, சக்கரம், தண்ணீர் பாட்டில் எல்லாம் ஆகிவிட்டது. சாப்பாட்டில்தான் குழப்பம்.

கடைக்காரர் கவரில் கட்டித் தந்த லூஸ் கலவையில் பாதி சூரியகாந்தி விதை, கொஞ்சம் மக்காச்சோளம், பச்சையாகச் சில உருண்டைகள், சிவப்பு மஞ்சளில் பிஸ்கட் துண்டுகள். அது சூரியகாந்தியை மட்டும் பொறுக்கிக் கன்னத்தில் அடைத்துக்கொண்டு ஓடிவிடுகிறது, பச்சை உருண்டையை மோந்துகூடப் பார்ப்பதில்லை. ஆன்லைனில் தேடினால் ஒவ்வொரு பாக்கெட்டிலும் 'முழுமையான ஊட்டச்சத்து' என்றுதான் போட்டிருக்கிறது. பாக்கெட்டின் பின்பக்கத்தில் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள். எங்கள் வீட்டில் முட்டை உண்டு, கறி மீன் கிடையாது.

கன்னப்பை எழுதியது:

அக்கா, அந்தப் பச்சை உருண்டை அநேகமாக முயல் தீனி. குதிரை மசாலை அரைத்துச் செய்வது. முயல் வயிற்றுக்கு அது சரி, ஹாம்ஸ்டருக்கு அதில் நார் அதிகம், புரதம் பற்றாது. சிவப்பு மஞ்சள் துண்டுகள் பெரும்பாலும் மாவும் சாயமும்தான், அதை எடுத்து வெளியே போட்டுவிடுங்கள்.

சூரியகாந்தியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஹாம்ஸ்டரின் சாப்பாடே அதுதான் என்று பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தோல் நீக்கிய பருப்பில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. 100 கிராமில் கால்சியம் 80 மில்லிகிராம் வந்தால் பெரிது, பாஸ்பரஸோ 600க்கும் மேல். அதையே தின்று வளர்கிற ஹாம்ஸ்டர் பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும், ஆனால் எலும்புக்கு வேண்டியது உள்ளே போயிருக்காது. விதையே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று, அதையும் உங்கள் மகள் கையால் கொடுத்தால் சீக்கிரம் பழகிவிடும்.

பொறுக்கித் தின்பதைத் தடுக்க வழி, எல்லா உருண்டையும் ஒரே மாதிரி இருக்கும் பெல்லட். எதை எடுத்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான், ஒதுக்க வழியே இல்லை. ஆக்ஸ்போ எசென்ஷியல்ஸ், சயின்ஸ் செலக்டிவ் இரண்டிலும் ஹாம்ஸ்டருக்கென்றே தனிப் பாக்கெட் உண்டு. வெளிநாட்டுச் சரக்கு என்பதால் விலை குத்தும்தான், ஆனால் ஒரு சிரியன் நாளைக்குத் தின்பது சுமார் 10 கிராம், ஒரு மேசைக்கரண்டி. கணக்குப் போட்டால் அரை கிலோ பாக்கெட் ஒன்றரை மாதம் தாராளமாக வரும்.

பின்பக்கத்தில் நான் பார்ப்பது இதுதான். புரதம் 16 முதல் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், கொழுப்பு 4 முதல் 7க்குள். நாரில் ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள், 5க்குக் கீழேயும் 15க்கு மேலேயும் போகாமல் இருந்தால் நான் வாங்குவேன். அப்புறம் மூலப்பொருள் பட்டியல். எது எடையில் அதிகமோ அது முதலில் வரும், அதனால் முதல் ஐந்து பெயரைப் படித்தாலே பாக்கெட்டின் லட்சணம் தெரிந்துவிடும். தேன், வெல்லப்பாகு, காய்ந்த பழம், சாயம் எல்லாம் மேலேயே வந்தால் வைத்துவிட்டு நகருங்கள்.

இன்னொன்று. புதிதாக வந்த குட்டிக்கு உடனே தீனியை மாற்றாதீர்கள். இடம் மாறிய பயமும் புதுச் சாப்பாடும் சேர்ந்தால் வயிறு கெட்டுவிடும், குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் ஓரிரு நாளில் உயிரே போகலாம். வால் பக்கம் ஈரமாக இருந்தால் காத்திருக்காமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். முதல் ஒரு வாரம் கடையில் தின்ற அதே தீனி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் புதியதைக் கலந்து பத்து நாளில் முழுக்க மாற்றுங்கள்.

பிடோக்_வாசு எழுதியது:

கன்னப்பை சொன்னதில் பெரும்பகுதி சரி, ஆனால் பெல்லட் மட்டும் போதும் என்பதை நான் ஏற்க மாட்டேன். இந்தப் பிராணி சிரியாவின் அலெப்போ பக்கம் தரிசிலும் வயலிலும் ராத்திரி முழுக்க அலைந்து தானியம், விதை, தழை, பூச்சி என்று கிடைத்ததைச் சேகரித்து வளைக்குள் சேர்க்கும். 1930ல் அங்கே பிடித்த ஒரு தாயும் குட்டிகளும்தான் இன்று கடைகளில் இருக்கும் சிரியன்களில் பெரும்பாலானவற்றுக்கு மூதாதை. சேகரிக்கும் ஆசை கொஞ்சமும் போகவில்லை. கிண்ணத்தில் பெல்லட்டைக் கொட்டினால் அரை நிமிடத்தில் அள்ளிக்கொண்டு போய்விடும், மிச்ச ராத்திரிக்கு என்ன செய்யும்? கம்பியைக் கடிக்கும்.

எங்கள் சிங்கப்பூர் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் நான் கொடுப்பது நல்ல கலவை, கூடவே கொஞ்சம் பெல்லட். வெர்செல்-லாகாவின் ஹாம்ஸ்டர் நேச்சர் மாதிரி பல தானியம், பல விதை சேர்ந்த கலவையைக் கிண்ணத்தில் வைக்காமல் படுக்கைத் தூள் முழுக்கத் தூவிவிடுவேன். விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்து பாருங்கள், மூக்கால் தூளைக் கிளறி ஒரு தினையைக் கண்டெடுத்து, பின்னங்காலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் அதை உருட்டி உமியை மட்டும் துப்பும். அந்த வேலைதான் அதற்கு வேண்டும்.

கலவையில் பொறுக்கும் பிரச்சினை உண்மைதான். அதற்கு ஒரே விதி, போட்டது முழுக்கத் தீரும்வரை அடுத்தது போடக் கூடாது. கிண்ணம் காலியாக இருப்பதை நம்பாதீர்கள், எல்லாம் மூலையில் அதன் கிடங்கில் இருக்கும். கிடங்கை எட்டிப் பாருங்கள், பிடிக்காததையும் தின்றிருந்தால் அன்று மாலை புதிதாகப் போடுங்கள். கிடங்கையே மொத்தமாகத் துடைத்து எடுத்துவிடவும் கூடாது, அது பதறிப்போகும். கெட்டுப்போகும் ஈரச் சாப்பாட்டை மட்டும் எடுத்தால் போதும்.

திருப்பூரில் நல்ல கலவை கிடைக்காவிட்டால் பெல்லட்டை அடிப்படையாக வைத்துக்கொண்டு உங்கள் அடுப்படியிலிருந்தே சேருங்கள். தினை, கம்பு, சாமை, உப்பில்லாத பூசணி விதை, எல்லாம் வறுக்காமல் கொஞ்சம். பறவைத் தீனிக் கடையில் தினைக்கதிர் விற்பார்கள், அதை முழுக் கதிராகக் கூண்டில் தொங்கவிட்டால் உங்கள் மகள் அந்த இடத்தை விட்டு நகர மாட்டாள்.

படிக்கிற மற்றவர்களுக்கு ஒன்று. உங்களுடையது சிறிய ட்வார்ஃப் வகையாக இருந்தால், முக்கியமாகக் கேம்பல் என்ற ட்வார்ஃப் இனம் அல்லது அதன் கலப்பு, சர்க்கரை நோய் வர வாய்ப்பு அதிகம். பழம், தேன் ஒட்டிய குச்சி, யோகர்ட் மிட்டாய் எதுவும் வேண்டாம். திடீரென்று தண்ணீர் நிறையக் குடித்தால் கவனியுங்கள்.

ஊசிமருந்து எழுதியது:

கால்நடை மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். நீங்கள் இருவரும் பிராண்டைப் பேசுகிறீர்கள், நான் தேதியைப் பார்க்கச் சொல்வேன். நம் ஊர் வெயிலிலும் ஈரக்காற்றிலும் மூட்டையைத் திறந்து வைத்து விற்கும் லூஸ் தீனியில் வைட்டமின் போய்விடும், விதையின் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும், பூஞ்சையும் பிடிக்கும். கவரைத் திறந்ததும் மோந்து பாருங்கள். உள்ளே நூலாம்படை மாதிரி இழை தெரிந்தால் அந்துப்பூச்சி வைத்துவிட்டது என்று அர்த்தம், தூக்கிப் போட்டுவிடுங்கள். மலிவு என்று பெரிய பாக்கெட் வாங்க வேண்டாம். இரண்டு மாதத்தில் தீரக்கூடியதை வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில், அடுப்புப் பக்கம் வைக்காமல் வையுங்கள்.

முட்டை உண்டு என்றீர்கள், நல்லது. ஹாம்ஸ்டர் சைவப் பிராணி இல்லை. அவித்த முட்டையின் வெள்ளைக் கருவை விரல் நகம் அளவுக்கு, உப்பில்லாமல், வாரம் இரண்டு முறை கொடுங்கள். மிச்சத்தை அன்றே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கிடங்கில் ஒளித்து வைத்து நாறும். ஆரஞ்சு, எலுமிச்சை, வெங்காயம், பூண்டு, பச்சை உருளைக்கிழங்கு, சாக்லேட் கிட்டே கொண்டுபோகக் கூடாது. பிள்ளைகள் மிக்சரும் பிஸ்கட்டும் ஊட்டுவார்கள், அதைச் சொல்லி வையுங்கள்.

சமையலறைத் தராசில் வாரம் ஒரு தடவை எடை போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். வளர்ந்த சிரியன் பொதுவாக 100 முதல் 150 கிராம் இருக்கும். தீனி ஒத்துக்கொள்கிறதா என்பதைப் பாக்கெட்டைவிட அந்த நோட்டு சரியாகச் சொல்லும்.

மலர்க்கொடி_திருப்பூர் எழுதியது:

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று இங்கே ஒரு கடையில் ஒரு பாக்கெட் பார்த்தேன். 'முயல், கினி பிக், ஹாம்ஸ்டர் மூன்றுக்கும் ஏற்றது, வைட்டமின் சி சேர்த்தது' என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. புரதம் 13, கொழுப்பு 3, நார் 18. விலையும் பாதிதான். இதை வாங்கலாமா?

கன்னப்பை எழுதியது:

வேண்டாம் அக்கா. மூன்றுக்கும் ஏற்றது என்றால் அது முயலுக்காகச் செய்தது, அந்த 18 சதவீத நாரே காட்டிக்கொடுக்கிறது. வைட்டமின் சி கினி பிக்குக்குக் கட்டாயம் வேண்டும், அதன் உடம்பு அதைத் தயாரிக்காது. ஹாம்ஸ்டர் தானே தயாரித்துக்கொள்ளும், அதற்காக நீங்கள் காசு கொடுக்கத் தேவையில்லை.

வாசு அண்ணா சொன்ன தூவும் வழியை நானும் ஒத்துக்கொள்கிறேன், பெல்லட்டையே தூளில் தூவலாம், அதையும் தேடித்தான் எடுக்கும். உங்களுக்கு என் யோசனை: ஹாம்ஸ்டருக்கென்றே உள்ள பெல்லட்டில் சிறிய பாக்கெட் ஒன்று, தயாரிப்புத் தேதியைக் கேட்டு ஆர்டர் போடுங்கள். தினமும் அந்த மேசைக்கரண்டியில் முக்கால் பங்கு பெல்லட், கால் பங்கு தினையும் கம்பும். பாக்கெட் வரும்வரை கடைக் கலவையையே கொடுங்கள், சாயத் துண்டையும் சூரியகாந்தியில் பெரும்பகுதியையும் மட்டும் பொறுக்கிவிட்டு.